ஆடும் தளத்தில் ஆடுபவர்கள்

காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லை. கிழக்கே மாமல்லபுரத்துக் கரையைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 65 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வரலாறு, இலங்கைக்குக் கப்பலேறும் ஊராகவே காஞ்சியைப் பேசுகிறது. மூன்று நாள் கடல்வழி என்ற கணக்கும் அதில் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசற்றுப் போன அரியணைக்காக ஒரு தூதுக்குழு தொலைதூரம் போய், பன்னிரண்டு வயதுச் சிறுவனை அழைத்து வருகிறது. பிறகு இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடியவன் அவன்தான். மணற்கல் தேய்ந்துபோன அந்தச் சுவரின் முன் நின்றால், உள்நாட்டுக் கோயில் நகரம் என்று நாம் நினைத்திருந்த ஊர் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் கண்ணை ஓட்டியது என்பது புரியும்.

கடலை அறிந்த ஊர்தான். ஆனால் அதன் கலைகள் தரையை நம்பியவை. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் நெசவாளர் இன்றும் குழித்தறியில் உட்கார்ந்துதான் நெய்கிறார். இடுப்புவரை உடல் தரைக்கு மேலே, மிதி பலகையில் ஊன்றிய கால்கள் தரைக்குக் கீழே. கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் இரண்டு நாடா. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளித் தர இன்னொரு ஆள் வேண்டும். பூமி அசையாது என்ற உறுதியில்தான் அந்தக் கரை பிசகாமல் ஓடுகிறது.

நடனமும் அப்படித்தான். காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் நாயனா பிள்ளையும் இசையில் நிலைநாட்டிய பேரை, நட்டுவாங்கத்தில் எல்லப்ப பிள்ளை நிலைநாட்டினார். பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்குத் தாளம் பிடித்த கை அவருடையது. அந்த மரபில் ஒரு பெண்குழந்தை முதலில் கற்பது அரைமண்டி. முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, பாதி உட்கார்ந்து, முழுப் பாதத்தையும் தட்டையாகத் தரையில் அடிப்பது. தட்டடவு, நாட்டடவு, குத்தடவு என்று எந்த அடவை எடுத்தாலும், காலுக்குக் கீழே கல் இருக்கிறது, அடித்த அடியை அது திருப்பிச் சொல்லும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இந்த ஊரில் கலைஞர்கள் தண்ணீர்மேல் ஏறும் தருணம் ஒன்றுதான், தெப்பம். குளத்தில் பெருமாளும் தாயாரும் மின்விளக்குகளோடு வலம்வர, நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் தெப்பத்திலேயே உட்கார்ந்து வாசிப்பார்கள். குளத்துத் தண்ணீர் தளும்பும். அலையடிக்காது.

இந்தத் தரைக்கலையைக் கப்பலில் ஏற்றினால் என்ன ஆகும்? உல்லாசக் கப்பல்களில் ஆடியும் பாடியும் பிழைக்கும் நூற்றுக்கணக்கான இந்தியக் கலைஞர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. கடல் சீறும் இரவில் மேடை ஏறுவது எப்படி, இறங்கியபின் என்ன செய்வது என்று அவர்கள் தினமும் பழகுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி 1838இலேயே எழுந்துவிட்டது. அதைத் தேடிப் போகிறவர் காஞ்சியிலிருந்து தெற்கே, வந்தவாசி, திண்டிவனம் வழியாகக் கடலூர்ப் பக்கம் இறங்க வேண்டும்.

இதே வழியில் முன்பே ஒருவர் போயிருக்கிறார். காஞ்சிபுரத்துத் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், கடலூரை அடுத்த திருவகீந்திரபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதப் பெருமாள் கோயில், எதிரே ஔஷதகிரி என்னும் சிறு குன்று, அதன்மேல் ஹயக்ரீவர் சன்னதி. தேசிகர் தம் கையாலேயே வெட்டியது என்று சொல்லப்படும் கிணறும் அந்த ஊரில் உண்டு. பேச்சுவழக்கில் திருவந்திபுரம் என்று அழைக்கப்படும் இந்த ஊர், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டத்தால் திணறும். மாலையும் கழுத்துமாக மணமக்கள் வரிசையில் நிற்கும் அந்தத் தெருவிலிருந்துதான், தேவநாதனுக்கு ஆடிக்கொண்டிருந்த ஐந்து தேவதாசிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள்.

பெயர்கள் பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளில் சற்று உருமாறி நிற்கின்றன. மீட்டெடுத்துப் படித்தால் தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம். மூத்தவர் தில்லம்மாளுக்கு முப்பது வயது. அம்மணிக்குப் பதினெட்டு. ரங்கமும் சுந்தரமும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள். வேதத்துக்கு ஆறே வயது. கூடவே மூன்று இசைக்காரர்கள். வெண்தாடியோடு தாளம் பிடித்த ராமலிங்கம் அவர்களில் முதியவர். தார்திவேல் என்ற பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி இவர்களை அழைத்துப் போனார். ஆறு வயதுக் குழந்தையைச் சேர்த்த ஒப்பந்தம் அது. எட்டுப் பேரில் அவள் என்ன நினைத்திருப்பாள் என்ற எண்ணம்தான், தேவநாதன் சன்னதித் தெருவில் நடக்கும்போது மனதை விட்டு அகல மறுக்கிறது. இந்த ஊரில் இவர்களின் பெயர் தாங்கிய ஒரு கல் நிற்பது நியாயம்.

திருவந்திபுரத்திலிருந்து புதுச்சேரி அதிக தூரமில்லை. இன்று கடற்கரைச் சாலையில் மாலை நடை போகிறவர்கள் பழைய பாலத்தின் எச்சமாகக் கடலுக்குள் நிற்கும் தூண்களைப் பார்த்திருப்பார்கள். கப்பலில் சாமான் ஏற்றி இறக்க இரும்புப் பாலம் அங்கே 1866இல்தான் வந்தது. 1838இல் புதுச்சேரியில் கப்பல் அணையும் துறை என்று ஒன்றும் கிடையாது. பெரிய கப்பல்கள் அலையடிக்கும் இடத்துக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஓடியவை சலங்குகள்.

சலங்கு ஒரு வியப்பான படகு. ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்திருப்பார்கள். ஆணியடித்த விறைப்பான படகு இந்தக் கரையின் அலைச்சுழலில் மோதினால் உடையும். தைத்த பலகையோ நெளிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இந்தச் சலங்குகளும் அவற்றை ஓட்டியவர்களும் நன்கு தெரிந்தவர்கள். அலை ஏறும்போது காத்திருந்து, வடியும்போது துடுப்புப் போட்டு, அடுத்த அலை உடைவதற்குள் தாண்டுவது அவர்களின் வித்தை. கரையைவிட்ட முதல் அரை மணியிலேயே, கோயில் கல்தளத்தில் பழகிய கால்களுக்கு முதல் பாடம் கிடைத்திருக்கும்.

சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய பயணம் இது. வங்கக்கடலில் இறங்கி, இந்துமாக்கடலைக் குறுக்கே வெட்டி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கில் வடக்கே ஏற வேண்டும். பாய்மரக் கப்பலுக்கு மூன்று நான்கு மாதங்கள், காற்று ஒத்துழைக்காவிட்டால் அதற்கும் மேல். சில நூறு டன் எடையுள்ள மரக்கலம். அலையின் ஆட்டத்தைத் தணிக்க இயந்திரம் ஏதும் இல்லை. குடிதண்ணீர் பீப்பாயில்தான். நாள்தோறும் அடவு போட்டுப் பழகிய உடல், பழகாமல் விட்டால் சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும் என்பது எந்த நடனக்காரருக்கும் தெரியும். ஆனால் இந்த ஐவரும் 1838 கோடையில் பிரான்சின் போர்தோ துறையில் இறங்கி, ஆகஸ்டில் பாரிஸ் மேடையில் முழு நிகழ்ச்சி ஆடினார்கள்.

அந்த வழியில் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையை மாலுமிகள் இன்றும் மரியாதையோடுதான் பேசுவார்கள். அகுல்ஹாஸ் என்னும் வெதுவெதுப்பான நீரோட்டம் அங்கே கரையை ஒட்டித் தென்மேற்கே பாய்கிறது. அண்டார்டிகப் பக்கத்திலிருந்து வரும் புயலலைகள் நேர் எதிர்த்திசையில், வடகிழக்கு நோக்கி வருகின்றன. எதிர்நீரில் ஏறும் அலை குறுகி, உயர்ந்து, செங்குத்தாகிறது. அதற்குமுன் ஒரு பள்ளம் விழும். கப்பலின் மூக்கு அதில் இறங்கி நிமிர்வதற்குள் அலை தலைமேல் வந்துவிடும். 1909இல் 211 பேரோடு மறைந்த வாராட்டா என்ற கப்பல் இன்றுவரை அகப்படவில்லை.

கடற்கலைஞர்களின் வரலாற்றில் மிகப் பெரிய இரவு இதே நீரில்தான் நடந்தது. அதைச் சொல்லாமல் போர்தோவுக்குப் போக முடியாது.

1991 ஆகஸ்ட் 3. ஓஷனோஸ் என்னும் கிரேக்கக் கம்பெனியின் உல்லாசக் கப்பல், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்குக் கிளம்பியது. 1952இல் அதே போர்தோ நகரத்துக் கட்டுமானத் துறையில் கடலில் இறக்கப்பட்ட கப்பல் அது. கிளம்பும்போதே காற்று பலமாக இருந்ததால், மேல்தளத்தில் நடக்கும் வழியனுப்பு விருந்தைக் கூடத்துக்குள் நடத்தினார்கள். கிதார் கலைஞர் மாஸ் ஹில்ஸும் அவர் மனைவி டிரேசியும் அங்கே வாசித்தார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறுபவர்களின் கையில் இருந்த தட்டுகள் சரியத் தொடங்கின. கோஃபி பே என்னும் ஊருக்கு நேரே நடுக்கடலில் விளக்குகள் அணைந்தன. இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

யாரும் வந்து எதையும் சொல்லவில்லை. கூடத்தில் திரண்ட பயணிகளின் பயத்தைத் தணிக்க, கலைஞர்கள் கிதாரை எடுத்துப் பாட ஆரம்பித்தார்கள். நேரம் ஆக ஆகக் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. ஹில்ஸும் மாயாஜாலக் கலைஞர் ஜூலியன் பட்லரும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் தடுப்புக் கதவுகளை மூடிவிட்டு ஆட்கள் மேலே ஏறிப் போயிருந்தார்கள். உயிர்காக்கும் படகுகளை இறக்கிப் பழக்கமே இல்லாத கலைஞர்கள், ஒரு காலைக் கப்பலிலும் மறுகாலைப் படகிலும் ஊன்றிக்கொண்டு பயணிகளை ஏற்றினார்கள். சாய்மானம் அதிகமானதும் அதுவும் முடியவில்லை. கப்பல் செலுத்தும் அறைக்கு ஓடினார்கள். அங்கே அதிகாரி ஒருவரும் இல்லை. வானொலிக் கருவியை எடுத்து உதவி கேட்டவர் ஹில்ஸ். உமது பதவி என்ன என்று எதிர்முனையில் இருந்தவர் கேட்டபோது, தான் கிதார் வாசிப்பவன் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் தென்னாப்பிரிக்க ஹெலிகாப்டர்கள் வந்தன. மொத்தம் 16. கேப்டன் முதல் நடைகளிலேயே ஏறிப் போய்விட்டார். கயிற்றுப் பட்டையை ஒவ்வொருவர் அக்குளிலும் மாட்டி மேலே அனுப்பும் வேலையைக் கலைஞர்களே செய்தார்கள். நகைச்சுவை மாயாஜாலக்காரர் ராபின் போல்ட்மன் கடைசிவரை வானொலியோடு இருந்தார். ஆகஸ்ட் 4 பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் கப்பல் தலைகீழாக இறங்கியது. அதில் இருந்த 571 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். பிறகு நடந்த கிரேக்க விசாரணை கேப்டனையும் அதிகாரிகளையும் கடமை தவறியவர்கள் என்று தீர்மானித்தது. ஹில்ஸும் டிரேசியும் கப்பல் வாழ்க்கையை விடவில்லை. 1994இல் சோமாலியா அருகே தீப்பிடித்து மூழ்கிய அக்கில்லே லாரோவிலும் அவர்கள் இருந்தார்கள். அதிலும் தப்பினார்கள்.

ஐந்து தமிழ்ப் பெண்கள் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அந்தத் தென்முனையைச் சுற்றிப் போனபோது, அவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தர யாரும் இல்லை, உயிர்காக்கும் அங்கியும் இல்லை. போய்ச் சேர்ந்தார்கள். பாரிஸில் அல்லே தே வவ் என்னும் சாலையில் ஒரு வீட்டில் தங்கினார்கள். கவிஞர் தியோஃபில் கோத்தியே அங்கேயே போய் அவர்களைப் பார்த்து, அம்மணியைக் கண்டு வியந்து பத்திரிகையில் எழுதினார். துய்லெரி அரண்மனையில் மன்னர் லூயி பிலிப் முன்னும் வரியேத்தே அரங்கிலும் ஆடினார்கள். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கம். துணியை ஆடிக்கொண்டே மடித்து முறுக்கிப் புறாக்களாக மாற்றிக் காட்டும் உருப்படி ஒன்று கூட்டத்தை அசர வைத்தது. சிற்பி பார், அம்மணியின் உருவத்தை அந்த ஆண்டே வெண்கலத்தில் வார்த்தார். பின்னாளில் ஐரோப்பிய பாலே மேடையில் இந்தியக் கோயில் நடனக்காரி என்று வந்து நின்ற கற்பனைப் பெண்கள் பலர். அசல் பெண்களோ, கடல் கடந்து வந்த களைப்போடு குளிர்நாட்டு மரமேடையில் வெறுங்காலோடு நின்று தட்டடவு போட்டவர்கள். கற்பனைக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட இவர்களுக்கு வரவில்லை என்பது வருத்தமான உண்மை.

அவர்களுக்குப் பிறகும் தமிழ்க் கலைஞர்கள் கடலைக் கடந்துகொண்டே இருந்தார்கள். நாடகக் கம்பெனிகள் படுதாவும் பெட்டியுமாகக் கொழும்புக்குப் போயின. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கும் வழி 1914இல் திறந்தது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சந்தித்த மேடை கொழும்பு மேடைதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியதோடு அந்த வழி முடிந்தது. ஆனால் அவர்களெல்லாம் கடலைக் கடந்து போய்த் தரையில் ஆடியவர்கள். கடல்மேலேயே ஆடுவது வேறு தொழில். அதைப் பார்க்கச் சென்னைக்குத்தான் வர வேண்டும்.

2022 ஜூன் 4. சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்னும் உல்லாசக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல். 1990இல் பிரான்சின் சான் நசேரில் கட்டப்பட்டு, நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்கு ஓடியது. நீளம் சுமார் 211 மீட்டர், மொத்தக் கொள்ளளவுக் கணக்கில் (கிராஸ் டன்னேஜ்) 48,000க்கு மேல். 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. போருக்குப் பின் காங்கேசன்துறையில் ஒரு பயணிகள் கப்பல் வந்து நின்றதைப் பார்த்த யாழ்ப்பாணத்தாருக்கு அது சாதாரணக் காட்சியாக இருந்திருக்காது.

ஏன் ஜூன் மாதம்? அங்கேதான் கடலின் கணக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று எழும்போது மும்பை, கோவா, கொச்சி என்று அரபிக்கடல் கரை முழுவதும் கொந்தளிக்கும். அப்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் சோழமண்டலக் கரை ஓரளவு அடங்கியிருக்கும். அதனால் கப்பல் கிழக்கே வருகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் வங்கக்கடலின் முறை. புயல் சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகும். அதற்குள் கப்பல் மேற்கே திரும்பிவிடும். பல்லவர் காலத்துக் கப்பல்காரர் காற்றைப் பார்த்துப் பாய் விரித்த அதே பஞ்சாங்கம்தான், இயந்திரக் கப்பலையும் இன்றுவரை நடத்துகிறது.

அடங்கிய பருவம் என்பதற்காகக் கடல் குளமாகிவிடாது. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று ஒடிசாப் பக்கம் உருவானாலே போதும், நெடிய அலைகள் இங்குவரை உருண்டு வரும். உல்லாசக் கப்பல்களின் இரு பக்கமும் தண்ணீருக்குள் துடுப்புகள் உண்டு. தேவைப்படும்போது விரித்து, பக்கவாட்டு உருளலை அவற்றால் பெருமளவு தணிக்கலாம். ஆனால் மூக்கு ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவை உதவுவதில்லை. பல கப்பல்களில் அரங்கம் முன்பகுதியிலேயே அமைந்திருப்பதால், அந்த ஏற்ற இறக்கத்தை முழுசாக வாங்குவது மேடைதான்.

அப்படிப்பட்ட இரவில் மேடையில் என்ன நடக்கிறது என்பதை நடனக்காரரின் முழங்காலிலிருந்து பார்க்க வேண்டும். அவர் துள்ளுகிறார். அவர் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில் தளம் கீழே இறங்கினால், தரை வர வேண்டிய நேரத்தில் வராது. தாளம் தப்பி, பள்ளத்தில் விழுவது போல் இறங்குவார். தளம் மேலே ஏறினால் நிலைமை மோசம். தரை முன்கூட்டியே வந்து பாதத்தில் அறையும். கணுக்காலும் முழங்காலும் பிசகுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். சுழற்சியில் வேறு சிக்கல். கண் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு சுழல்வது பல நடனங்களில் அடிப்படை. கப்பலில் அந்தப் புள்ளியும் நகர்கிறது.

அதனால் கடல் மோசமானால் நிகழ்ச்சியையே மாற்றி அமைப்பார்கள். ஒருவரை ஒருவர் தூக்கிப் பிடிக்கும் அசைவுகள் முதலில் போகும். கயிற்றில் தொங்கி ஆடுவது ரத்து. குதிகால் உயர்ந்த செருப்புக்குப் பதில் தட்டைச் செருப்பு. உயரமான மேடைப் பொருள்கள் உள்ளேயே கட்டிப் போடப்படும். இன்னும் மோசமானால் நடனமே கிடையாது, பாடகரோ மாயாஜாலக்காரரோ மட்டும் வருவார். இங்கே அரைமண்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உடலின் எடையைத் தாழ்த்தி, கால்களை அகலமாக ஊன்றி நிற்கும் அந்த நிலை, அசையும் தளத்தில் மாலுமி இயல்பாகவே எடுக்கும் நிலைக்கு மிக நெருக்கம். திருவந்திபுரத்துப் பெண்கள் சலங்கில் ஏறியபோது அவர்கள் உடலில் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

பார்வையாளர்கள் கண்ணுக்குப் படாத பாடு இன்னொன்று, குமட்டல். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் அசைகிறது என்கிறது. நாலு சுவருக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு புரளும். பயணி அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மாடிப்படிக் கைப்பிடிகளில் அதற்கென்றே காகிதப் பைகள் செருகி வைத்திருப்பார்கள். கலைஞர் போக முடியாது. பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு வாளி, அதைத் தாண்டி ஒரு புன்னகை. கப்பல்களில் இதற்குக் கொடுப்பது பச்சை ஆப்பிளும், உப்புப் பிஸ்கட்டும், இஞ்சியும். இஞ்சி என்றதும் காஞ்சிக்காரருக்கு வரதர் கோயில் குடலை இட்லி நினைவுக்கு வரும். சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் பிரசாதம். வழியில் கெடாது, வயிற்றைப் புரட்டாது. கடல் போகிறவர் கையில் ஒரு துண்டு இருந்தால் தேவலை.

அறை பற்றியும் சொல்ல வேண்டும். பயணிகளுக்குப் பால்கனி. கலைஞர்களில் பலருக்கு, குறிப்பாகக் குழு நடனக்காரர்களுக்கு, நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில் இருவர் பகிரும் ஜன்னலில்லாத அறை. ஈர உப்புக்காற்று எங்கும் நுழையும். சரிகை கறுக்கும், சலங்கைத் தோல் விறைக்கும். விசிறி மடிப்பு வைத்துத் தைத்த பட்டு உடையைக் காயவைக்காமல் பெட்டியில் வைத்தால் அடுத்த துறைமுகத்துக்குள் பூஞ்சணம் பூத்துவிடும்.

கலைஞர் என்ற சொல்லுக்குக் கப்பலில் இன்னொரு பொறுப்பும் ஒட்டியிருக்கிறது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் சர்வதேச விதிப்படி, பாதுகாப்புப் பொறுப்பு தரப்பட்ட ஊழியராகக் கப்பலேறும் பாடகரும் நடனக்காரரும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் தாங்கும் பயிற்சி. உயிர்காக்கும் அங்கியோடு தண்ணீரில் குதிப்பதும், கவிழ்ந்து கிடக்கும் மிதவையை நிமிர்த்துவதும் அதில் அடக்கம். பயணிகள் கப்பல் என்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் சேரும். ஏழு குட்டை ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் ஒலித்தால், சற்று முன் மேடையில் ஆடியவர் கூடுமிடத்தில் ஆள் எண்ணிக்கொண்டிருப்பார். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் பாறையில் மோதிய கோஸ்டா கன்கார்டியாவில் 32 பேர் இறந்த பிறகு, இந்த ஒத்திகையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது. ஓஷனோஸில் கலைஞர்கள் தாமாகவே எடுத்துக்கொண்ட வேலை, இப்போது அவர்களின் பணிப்பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது.

பொறுப்பு வந்த வேகத்தில் உரிமை வந்ததா? டைட்டானிக்கில் கடைசிவரை வாசித்து மூழ்கிய எட்டு இசைக்காரர்களை உலகம் கொண்டாடுகிறது. ஆனால் அவர்கள் லிவர்பூலில் இருந்த ஒரு தரகு நிறுவனத்தின் ஆட்கள். அதனால் கப்பல் கம்பெனி தன் ஊழியர்கள் இல்லை என்று கைவிரித்தது. வயலின்காரர் ஜான் ஹியூமின் தந்தைக்கு, இறந்த மகனின் சீருடைக் கணக்கில் பாக்கி என்று தரகர்களிடமிருந்து சீட்டு வந்தது. 1912இல் நடந்தது இது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஆகஸ்டில்தான், கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. கப்பலில் எந்த வேலை செய்பவரும் கடல் தொழிலாளி என்பது அதன் அடிப்படை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலையில் காயம் பட்டால் சிகிச்சைச் செலவு கப்பல் உரிமையாளருடையது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் செலவும் அவருடையதே.

நடனப் பள்ளிகளில் பட்டயம் வாங்கிக் கப்பல் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களிடம் தரகர்கள் முதலில் பேசுவது சம்பளத்தையும் போகும் ஊர்களையும்தான். கேட்டு வாங்க வேண்டிய தாள் வேறு, வேலை ஒப்பந்தம். தம்மைப் பணியமர்த்துவது கப்பல் நிறுவனமா இடைத்தரகரா, கடற்பணியாளர் பட்டியலில் தம் பெயர் ஏறுகிறதா, மேடையில் முழங்கால் பிசகி ஆறு வாரம் ஆட முடியாமல் போனால் ஊதியம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வீட்டில் பெற்றோரிடம் கொடுத்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும்.